கூட்டினால் தெரிவது

தமிழ்க் கவிதையில் திமிங்கிலம் தலைகாட்டினால் எனக்குச் சற்றுச் சந்தேகம் வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது கடலில் இருப்பதில்லை, கவிஞரின் மனத்தில்தான் நீந்துகிறது. தனிமைக்கு ஒரு திமிங்கிலம், ஆழ்மனத்திற்கு ஒன்று, அண்மைக் காலமாக இயற்கையின் துயரத்திற்கும் ஒன்று. நான் இங்கே சொல்ல வருவது சாப்பிடப்படுகிற திமிங்கிலத்தைப் பற்றி. பங்கு பிரித்து, உப்பிட்டு, காற்றில் உலர்த்தி, வேகவைத்த உருளைக்கிழங்கோடு உண்ணப்படுகிற திமிங்கிலம்.

தின்பது என்ற காரியம் அதன் பெயரிலேயே இருக்கிறது. திமி என்பது ஒரு பெரிய மீன். அதை விழுங்குவது திமிங்கிலம். அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம். பழைய புலவர்களுக்கு இது கடலின் பிரம்மாண்டத்தைச் சொல்ல உதவிய ஒரு கற்பனை வரிசை. இந்த வரிசைக்கு வேறொரு ஸ்தூலமான அர்த்தம் உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டது ஃபாரோ தீவுகளைப் பற்றிப் படித்தபோதுதான்.

ஃபாரோ தீவுகள் ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே வட அட்லாண்டிக்கில் இருக்கும் பதினெட்டுத் தீவுகள். டென்மார்க்கின் ஆட்சிக்குள் 1948-லிருந்து தன்னாட்சி பெற்றவை. அங்கே ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். தானியம் சரியாக விளையாது. ஆடு, மீன், கடற்பறவை, திமிங்கிலம் இவைதான் நூற்றாண்டுகளாகச் சாப்பாடு. எனக்கு அந்தத் தீவுகள் அறிமுகமானது நடைபாதைக் கடையில் கிடைத்த ஒரு நாவல் வழியாக. ஹெதின் ப்ரூ 1940-ல் ஃபாரோ மொழியில் எழுதியது. 1970-ல் ஜான் வெஸ்ட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கேத்தில் என்ற எழுபது வயதுக் கிழவர் திமிங்கில வேட்டைக்குப் போகிறார். அந்த உற்சாகத்தில் ஏலத்தில் தன் சக்திக்கு மீறி இறைச்சி எடுத்துவிடுகிறார். பிறகு பில் வருகிறது. நாவல் முழுவதும் அந்தக் கடனை அடைக்க கிழவரும் கிழவியும் படும் பாடு. கடைசியில் மாட்டை விற்க வேண்டியதாகிறது. வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இந்தக் கதை உடனே பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. கடன் என்பதையே அறியாத ஒரு தலைமுறை, எல்லாம் கடனில் நடக்கிற அடுத்த தலைமுறையை மிரட்சியோடு பார்க்கிறது.

வழக்கமாக அந்த இறைச்சிக்கு விலை கிடையாது. பைலட் திமிங்கிலக் கூட்டம் ஒன்று கரைப்பக்கம் தென்பட்டால் படகுகள் அரைவட்டமாகப் பின்னால் நின்று கூட்டத்தை ஒரு விரிகுடாவுக்குள் ஓட்டிவருகின்றன. கரையில் காத்திருப்பவர்கள் தண்ணீரில் இறங்கிக் கொல்கிறார்கள். கடல் சிவந்துபோகிறது. பிறகு வட்டார அதிகாரி ஒவ்வொரு திமிங்கிலத்தையும் அளந்து, உடலில் எண் பொறித்து, வேட்டையில் கலந்துகொண்டவர்களுக்கும் ஊராருக்கும் கணக்குப் போட்டுச் சீட்டுக் கொடுக்கிறார். சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அவரவர் பங்கை வெட்டி எடுத்துப் போகிறார்கள். இந்தக் கணக்குகள் 1584-லிருந்து கிடைக்கின்றன. 1709 முதல் ஏறத்தாழ விட்டுப்போகாமல் இருக்கின்றன. ஒரு விலங்கைக் கொன்றதற்கு மனிதன் வைத்திருக்கும் கணக்குகளில் இவ்வளவு நீண்டது அபூர்வம்.

கணக்கு வைக்கிற ஜனங்களிடம்தான் ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள். 1986 ஜூலையிலிருந்து 1988 ஜூலை வரை இரண்டு ஆண்டுகள், கரைக்கு வந்த பைலட் திமிங்கிலங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலிருந்தும் பல நாட்டு விஞ்ஞானிகள் மாதிரி எடுத்தார்கள். பல்லை அறுத்து வயதைக் கணக்கிட்டார்கள். வயிற்றைத் திறந்து என்ன தின்றது என்று பார்த்தார்கள், பெரும்பாலும் கணவாய் வகைகள். கருப்பையில் இருந்த கருவைக்கூட விடவில்லை. ஓடுகிற கூட்டத்தில் ஒன்றிரண்டை அல்ல, கூட்டத்தை முழுதாகக் கொல்வதுதான் அங்கே வழக்கம். ஆகவே ஒரு குடும்பம் முழுவதையும் ஒரே நாளில் பரிசோதிக்கிற வாய்ப்பு உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு அங்கே கிடைத்தது. இதைச் சொல்லும்போது ஏற்படுகிற கூச்சத்தை மறைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

அதில் கண்டது என்ன? வில்லியம் ஏமஸும் அவர் சகாக்களும் இந்த மாதிரிகளின் டி.என்.ஏ-வைப் பரிசோதித்து 1993-ல் வெளியிட்டார்கள். ஆண் திமிங்கிலம் வளர்ந்த பிறகும் தாயைவிட்டுப் போவதில்லை. பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக் குட்டிகளுக்கு அது தகப்பனாகவும் இல்லை. தகப்பன்மார் வேறு கூட்டத்தவர்கள், கூட்டங்கள் சந்திக்கிறபோது வந்து போகிறவர்கள். தாயும் மகளும் மகனும் பேரனும் சேர்ந்த ஒரு தாய்வழிக் கூட்டம். கடலில் எத்தனை வருஷம் படகில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இது கண்ணுக்குத் தெரிந்திருக்காது. கூட்டம் முழுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

இந்தப் பாசம்தான் அவற்றை ஓட்டிவரவும் உதவுகிறது. ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்புகின்றன. எங்கள் பக்கத்துக் கரையிலும் இது தெரிந்ததுதான். 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. இவை வேறு இனம், துடுப்பு குட்டையானவை. இதே பகுதியில் 1973 ஜனவரியிலும் நூற்றுக்கு மேல் ஒதுங்கியிருக்கின்றன. 2016-ல் மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டுபோய் விட்டார்கள். விட்டதில் பல மறுபடி கரைக்கே வந்தன. அங்கே உள்ளே ஓட்டுகிறார்கள், இங்கே வெளியே தள்ளுகிறார்கள். இரண்டு இடத்திலும் அவை ஒன்றையொன்று விட்டுப் போகவில்லை.

இனி இன்னொரு ஆராய்ச்சி. அதே தீவுகள், அநேகமாக அதே மாதங்கள். 1986 மார்ச்சிலிருந்து 1987 முடிய ஃபாரோ மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 1022 குழந்தைகளின் கொப்பூழ்க்கொடி ரத்தத்தை எடுத்துவைத்தார்கள். செய்தவர்கள் ஃபாரோக்காரரான டாக்டர் பௌல் வைஹாவும், டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிலிப் கிராஞ்ஜானும் அவர்களுடைய குழுவும். தேடியது பாதரசத்தை.

பாதரசம் நிலக்கரிப் புகையிலிருந்தும், தங்கம் பிரிக்கிற இடங்களிலிருந்தும், ஆலைகளிலிருந்தும் காற்றில் ஏறி உலகைச் சுற்றி எங்கோ கடலில் இறங்குகிறது. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அப்புறம் விழுங்குகிற வரிசை தொடங்குகிறது. நுண்ணுயிரைத் தின்கிற சிற்றுயிர், அதைத் தின்கிற சிறுமீன், அதைத் தின்கிற கணவாய், கணவாயைத் தின்கிற திமிங்கிலம். உடம்புக்குள் போனது சீக்கிரம் வெளியேறுவதில்லை, தசையில் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு விழுங்கலிலும் கூடுகிறது. ஃபாரோவின் திமிங்கில இறைச்சியில் கிலோவுக்குச் சராசரியாக 2 மில்லிகிராம் அளவில் பாதரசம் இருக்கிறது. சுறா, சூரை போன்ற பெரிய மீனுக்கே ஐரோப்பாவில் விதித்திருக்கும் வரம்பு 1 மில்லிகிராம். திமிங்கிலத்தை விழுங்குகிறவன் மனிதன். அவனோடும் வரிசை முடிவதில்லை. தாயின் ரத்தத்தில் உள்ள பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகிறது. கொடி ரத்தத்தில் அது தாயின் ரத்தத்தில் உள்ளதைவிட அதிகம். ஆக, புலவர்கள் கற்பனை செய்த அந்தக் கடைசிப் பெருவிழுங்கி, இன்னும் பிறக்காத, வாய் திறக்காத ஒரு சிசு.

கொழுப்பில் வேறொரு விஷம், பி.சி.பி. என்கிற தொழிற்சாலை ரசாயனம். இதில் ஒரு கொடுமையான சமத்துவம் இருக்கிறது. வளர்ந்த பெண் திமிங்கிலத்தின் உடம்பில் இது ஆணின் உடம்பில் இருப்பதைவிடக் குறைவு. காரணம், பாலோடு குட்டிக்குக் கொடுத்துவிடுகிறது. ஃபாரோத் தாய்மாரின் பாலிலும் அதே பொருள் இருந்தது. ஒரு விரிகுடாவின் இரண்டு பக்கமும் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு ஒன்றையே ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஏழு வயதானபோது அவர்களில் 917 பேரைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். முடிவுகள் 1997-ல் வெளிவந்தன. கவனம், ஞாபகம், மொழி, விரலின் வேகம் இவற்றில், கொடி ரத்தத்தில் பாதரசம் கூடக் கூடத் திறன் குறைந்திருந்தது. நான் அதிக நேரம் யோசித்துக்கொண்டிருந்தது ஒரு சோதனையைப் பற்றி. குழந்தைக்குக் கோட்டுச் சித்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். தெரியவில்லை என்றால் ஒரு குறிப்புக் கொடுக்கிறார்கள். குறிப்போடும் குறிப்பில்லாமலும் எத்தனை சரி என்று எண்ணுகிறார்கள். பாதரசத்தின் அடையாளம் மிகத் தெளிவாகப் பதிந்திருந்தவற்றில் ஒன்று இந்தச் சோதனை. அதாவது, பொருள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, பார்த்த பொருள்தான், சொல் மட்டும் வரவில்லை.

எவ்வளவு குறைந்தது? பாதரசம் இரண்டு மடங்கானால், வளர்ச்சியில் ஒன்றிரண்டு மாதம் பின்தங்கிய அளவுக்கு. இவ்வளவுதான். மினமாட்டாவில் நடந்ததுபோல் கைகால் முடங்கிய குழந்தைகள் ஃபாரோவில் இல்லை. பள்ளிக்கூடம் போனார்கள், பந்து விளையாடினார்கள், பாட்டுப் பாடினார்கள். எந்த ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்தும் இது பாதரசம் என்று சொல்ல முடியாது. தாயாலும் முடியாது, வைத்தியராலும் முடியாது. 917 பேரையும் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு கணக்கிலும் சில பைசா குறைந்தால் கணக்குக்காரர் ஒருவரும் கவுண்டருக்கு வந்து சண்டை போடமாட்டார். மொத்தம் போடுகிறவனுக்குத்தான் உதைக்கும்.

சேஷல்ஸ் தீவுகளில், திமிங்கிலம் அல்லாமல் கடல்மீன் சாப்பிடும் தாய்மாரிடம் நடந்த ஆராய்ச்சி இப்படிப்பட்ட பாதிப்பைக் காட்டவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு பெரிய விவாதம் நடந்தது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2000-ல் ஃபாரோ ஆராய்ச்சியையே அடிப்படையாகக் கொள்ளலாம் என்று முடிவு சொன்னது. உலகத்தில் கர்ப்பிணிகள் எவ்வளவு மீன் சாப்பிடலாம் என்ற அறிவுரைகளுக்குப் பின்னால் இந்தச் சிறு தீவுப் பிள்ளைகளின் தடுமாற்றம் இருக்கிறது.

இங்கேதான் நம் விஷயம் வருகிறது. நம் வட்டத்தில் அனுபவம் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை எல்லோருக்கும் தெரியும். கோஷத்திற்கும் தத்துவத்திற்கும் எதிராக நாம் அனுபவத்தை நிறுத்தினோம். ஒருவன் தானே கண்டதை, தன் உடம்பால் உணர்ந்ததை எழுதினால் அது உண்மை. கூட்டத்தின் பெயரால் எழுதினால் பொய். நான் இதை இப்போதும் மறுக்கவில்லை. புள்ளிவிவரத்தைச் செய்யுளாக்கியவர்கள் படுத்தியபாடு நமக்குத் தெரியும். ஆனால் ஃபாரோவின் உண்மை யாருடைய அனுபவத்திலும் இல்லை. அதற்கு முகம் கிடையாது. ‘எங்கள் பாட்டன் தின்றான், அப்பன் தின்றான், நாங்கள் தின்கிறோம், எங்களுக்கு என்ன வந்தது?’ என்று ஒரு ஃபாரோ மீனவர் கேட்டால் அவர் அனுபவத்தின் பக்கம் நின்று பேசுகிறார். நேர்மையாகவே பேசுகிறார். அவருக்கு விடை சொல்ல நம் இலக்கியக் கொள்கையில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்தது. குழந்தை பிறந்து என் மனைவி தாய்வீட்டில், தூத்துக்குடியில் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாவைப் புட்டாகச் செய்துபோடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பால்சுறா சிறிய இனம், ஆகையால் பெரிய சுறாவின் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லைதான். ஆனால் அத்தை அன்று வாங்கி வைத்திருந்தது ஒரு பெரிய சுறாவின் துண்டம். நான் சொல்லிப் பார்த்தேன்.

“பிள்ள பெத்தவளுக்குச் சுறா குடுக்காம வேற எதக் குடுக்கது? நாங்கள்லாம் இதத் தின்னுதான் நாலும் அஞ்சும் பெத்தோம். யாருக்கு என்ன வந்துச்சு மாப்ளே?”

பெரிய மீன் சிறிய மீனைத் தின்பதையும், சின்னதில் இருக்கிற துளியெல்லாம் பெரியதில் போய்ச் சேர்ந்துகொண்டே இருப்பதையும் சொன்னேன். அத்தை முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“வட்டிக்கு வட்டி மாதிரிங்கியளா?”

“அப்படித்தான் அத்தை.”

“அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான. அப்ப நாளைக்கு நெத்திலி வாங்கிட்டு வாங்க. பூண்டு நெறையப் போட்டு வச்சிருவோம்.”

மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “திங்கப்போறவ நானு. என்னய ஒருத்தரும் கேக்கல” என்றாள்.

அத்தை வாழ்நாளில் கண்ட எதுவும் பாதரசத்தை அவருக்குக் காட்டியிருக்காது. வட்டி அவருக்குத் தெரியும். எந்த ஒரு நாளிலும் கண்ணில் படாமல், வருஷக் கடைசியில் வீட்டையே விழுங்கிவிடுகிற ஒன்றை அவர் அறிந்திருக்கிறார். முகமில்லாத உண்மையை எட்டுவதற்கு அனுபவத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. அதைக் கண்டுபிடித்தது விமர்சகனான நானல்ல. பட்டியலைப் படித்துக்காட்டுவதைவிட, கேட்பவரிடம் ஏற்கெனவே இருக்கிற கைப்பிடியைத் தேடிக் கொடுப்பது எழுத்தின் வேலை என்று எனக்குப் படுகிறது.

ஃபாரோவில் அந்த வேலையைச் செய்தவர்கள் வைத்தியர்கள். 1998-ல் அறிவுரை வந்தது: கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும், பால் கொடுப்பவர்களும் திமிங்கில இறைச்சி சாப்பிட வேண்டாம். பிள்ளைப்பேறெல்லாம் முடியும்வரை பெண்கள் அதன் கொழுப்பைத் தொட வேண்டாம். 2008-ல் வைஹாவும் தலைமை மருத்துவ அதிகாரி ஹோக்னி டெபெஸ் யோவென்சனும் இன்னும் மேலே போனார்கள். பெரியவர்களிடமும் பார்க்கின்சன் நோய், ரத்த அழுத்தம், ரத்தக்குழாய்த் தடிப்பு என்று ஆதாரங்கள் சேர்ந்துவிட்டன; ஆகவே யாருமே இனி இதை உண்ண வேண்டாம் என்றார்கள். அதோடு இன்னொன்றையும் சொன்னார்கள். இந்தத் திமிங்கிலம்தான் நூற்றாண்டுகளாக இந்த ஜனங்களுக்கு உதவியது, பல தலைமுறைகளை உயிரோடு வைத்திருந்தது. காலமும் சூழலும் மாறிவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று.

அந்த அறிக்கையின் தொனியை நான் ஒரு விமர்சனத்தின் தொனியாகவே வாசிக்கிறேன். வெளியிலிருந்து கப்பலேறி வந்த இயக்கங்கள் பல ஆண்டுகளாக அந்த ஜனங்களைக் காட்டுமிராண்டிகள் என்று கத்தியிருக்கின்றன. கத்தக் கத்த, திமிங்கிலம் தின்பது ஃபாரோக்காரனுக்குத் தேசியக் கொடியாகிவிட்டது. வைஹா சொன்னது வேறு. அந்தச் சாப்பாட்டைத் தின்று வளர்ந்த இடத்திலிருந்து, அதற்குப் பட்ட நன்றியை மறைக்காமல், போதும் என்றார். ஏளனம் இல்லை, மழுப்பலும் இல்லை. மரபைப் பற்றி நம்மிடையே நடக்கிற சண்டைகளில் இந்த இரண்டும் ஒன்றாக அமைந்த வாக்கியம் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது?

பலன் என்ன என்று கேட்டால், பாதி. அரசு முழுத் தடையை ஏற்கவில்லை. உணவுத் துறை 2011-ல் மாதம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது. வேட்டை இன்றும் நடக்கிறது. ஆனால் 1998 அறிவுரைக்குப் பிறகு இளம்பெண்களின் முடியிலும் ரத்தத்திலும் பாதரசம் இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கொடி பிடிக்காமல், யாரோடும் வாதாடாமல், தட்டில் வைத்ததை ஒதுக்கியிருக்கிறார்கள். தின்னப்போகிறவள் முடிவு செய்திருக்கிறாள்.

இதில் குற்றவாளி யார் என்பதுதான் சுலபமாக எழுத முடியாத பகுதி. விஷம் அந்தத் தீவுக்காரர்கள் வைத்ததல்ல. நிலக்கரி எரிகிற ஊர்களிலிருந்து போனது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் தருகிற வெளிச்சத்தில்தான் என் மாமியார் வீட்டில் சமையல் நடக்கிறது. இந்தப் புகையில் எந்தத் துளி எந்தக் கடலில் இறங்கியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதற்கும் முகம் கிடையாது, மொத்தம்தான் உண்டு.

அந்த 1022 குழந்தைகளையும் ஆராய்ச்சியாளர்கள் விட்டுவிடவில்லை. பதினாலு வயதிலும் இருபத்திரண்டு வயதிலும் மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். பாதிப்பின் சுவடு போகவில்லை. இப்போது அவர்களுக்கு நாற்பதை ஒட்டிய வயது. கப்பலிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் வேலை செய்துகொண்டு, பலர் தாங்களும் பெற்றோராகியிருப்பார்கள். சிலர் கவிதைகூட எழுதலாம். பேச்சின் நடுவே ஒரு சொல் வராமல் நின்றால் எல்லோரையும்போல அவர்களும் நெற்றியைத் தடவிக்கொள்வார்கள். எந்தச் சொல் தானாக மறந்தது, எது கருவிலேயே எடுத்துக்கொள்ளப்பட்டது என்று அவர்களில் ஒருவராலும் சொல்ல முடியாது.